யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். ஒரு முனையில் சுவர். மறுமுனையில் இரும்புக் கதவு. அந்தக் கதவை யார், எப்போது வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் குடிவந்த நாள் முதல் அது திறந்தேதான் கிடந்தது. கீல் துருப்பிடித்து, பிள்ளைகள் ஏறி ஆடுவதற்கு மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் அதற்கு எண்ணெய் போட்டோம். பூட்டும் வாங்கி மாட்டினோம்.

கொரோனா வந்து, ஊரடங்கு தொடங்கி, இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடைசி வீட்டின் பின்கட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூடவே வயதான தாயாரும் ஆறு வயதுப் பையனும். அவள் காலையில் போவதையும் இரவில் திரும்புவதையும் தெரு முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்கத் தலைவர் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம் கூடினோம். ஆறடிக்கு ஒரு நாற்காலி. எல்லார் முகத்திலும் துணி. காரியதரிசி ஒரு தீர்மானத்தைப் படித்தார். தெருவிலுள்ள முதியவர்கள், குழந்தைகளின் நலத்தை உத்தேசித்து, நோய் தீரும் வரை அந்த நர்ஸ் வெளியிலேயே தங்கிக்கொள்ள வேண்டும். தெருவுக்குள் வரக் கூடாது. இவ்வளவுதான் தீர்மானம். தலைவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டார்.

எனக்கு இருந்தது. அந்தப் பையனை யார் பார்த்துக்கொள்வது, நோய் தீரும் வரை என்றால் எது வரை, அவளுக்காக வாதாட இங்கே யாரும் இல்லையே என்று மூன்று கேள்விகள் நெஞ்சுக்குள் நின்றன. ஆனால் என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. இழுப்பு நோய் உள்ளவர். நாளை தெருவில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், "அன்றைக்குத் தடுத்தவர் இவர்தான்" என்று பதின்மூன்று வீடும் என் பக்கம் விரலை நீட்டும். மற்றவர்கள் கை உயர்ந்தது. நானும் உயர்த்தினேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏகமனதாக என்ற அந்தச் சொல்தான் பிறகு என்னை உறங்க விடாமல் செய்தது.

வெளியே போக வழியில்லாத அந்த நாட்களில், நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில் ஒரு பழைய புத்தகத்தைப் படித்தேன். நியூஸ்டாட் என்ற அரசியல் அறிஞரும் ஃபைன்பெர்க் என்ற மருத்துவரும் 1978-இல் அமெரிக்க அரசாங்கத்துக்காக எழுதிய அறிக்கை அது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த நாடு ஒரு நோய்க்குப் பயந்து எடுத்த முடிவைப் பற்றியது. எங்கள் மொட்டை மாடியை வேறொருவர் வருணித்திருப்பது போல எனக்குத் தோன்றியது.

1976 பிப்ரவரியில், நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ஃபோர்ட் டிக்ஸ் என்ற ராணுவ முகாமில் ஓர் இளம் சிப்பாய் காய்ச்சலில் இறந்துபோனான். பரிசோதித்தபோது, பன்றிகளிடம் காணப்படும் ஒருவகை ஃப்ளூக் கிருமி தெரிந்தது. 1918-இல் உலகத்தையே சூறையாடிய விஷக் காய்ச்சலுக்கு உறவுள்ள கிருமி அது என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். அந்த 1918-ஐ நம்மவர்களும் மறந்துவிட முடியாது. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன காய்ச்சல் அது. அது திரும்பி வருகிறது என்றால் யாருக்குத்தான் குலை நடுங்காது?

நோய்த் தடுப்பு மையத்தின் தலைவராக இருந்த டேவிட் ஸென்ஸர், நாட்டு மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று பரிந்துரைத்தார். வீணாகப் பணம் செலவானால் தாங்கிக்கொள்ளலாம், வீணாக உயிர் போவதைத் தாங்க முடியாது என்பது அவருடைய வாதம். யார் இதை மறுக்க முடியும்? மார்ச் 24-ஆம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு வெள்ளை மாளிகையில் நிபுணர்களைக் கூட்டினார். போலியோத் தடுப்பு மருந்து கண்டு உலகப் புகழ் பெற்ற ஸால்க், ஸேபின் இருவரும் வந்திருந்தார்கள். திட்டத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. மறுப்பவர் உண்டா என்று கேட்டார். மௌனம். ஃபோர்டு அதோடு விட்டுவிடவில்லை. சபையில் சொல்லத் தயங்குபவர்கள் தம் அறைக்கு வந்து தனியாகச் சொல்லலாம் என்று அறிவித்துவிட்டுப் போய்க் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அன்றைக்கே, ஸால்க்கும் ஸேபினும் பக்கத்தில் நிற்க, நாட்டுக்குத் திட்டத்தை அறிவித்தார். 13.5 கோடி டாலர் கேட்டார், கிடைத்தது.

அக்டோபர் 1-ஆம் தேதி ஊசி போட ஆரம்பித்தார்கள். பத்து வாரத்தில் நாலு கோடிப் பேருக்கு மேல் போட்டாயிற்று. நோய் மட்டும் வரவில்லை. அந்த முகாமின் வேலியைத் தாண்டி அது கொள்ளைநோயாகப் பரவவே இல்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர் வீதம், கை கால்களை முடக்கும் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் கூடுதலாகக் கண்டது. டிசம்பர் 16-ஆம் தேதி திட்டத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் ஸென்ஸர் பதவியை இழந்தார்.

இந்தக் கதையைத் தடுப்பூசிக்கு விரோதமாக யாராவது எடுத்துக்கொண்டால், அவர்கள் கதையைத் தவறாகப் படித்தவர்கள். லட்சத்துக்கு ஒன்று என்ற ஆபத்து, கொள்ளைநோய் வாசலில் நிற்கும்போது மிகச் சிறியது. நோயே வராதபோதுதான் அது பெரியது. 1918 போல ஒன்று வந்திருந்தால், இதே ஸென்ஸருக்குச் சிலை வைத்திருப்பார்கள். தவறு ஊசியில் இல்லை; பயந்ததிலும் இல்லை. முடிவை எடுத்த விதத்தில் இருந்தது.

நோய் வரக்கூடிய சாத்தியம் எவ்வளவு என்று நிபுணர்கள் ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நூற்றுக்கு 2 என்று நினைத்தவரும் உண்டு. 20 என்று நினைத்தவரும் உண்டு. இரண்டுக்கும் இருபதுக்கும் எத்தனை தூரம்! ஆனால் யாரும் யாரையும் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. 'வரலாம்' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டும் இருபதும் ஒளிந்துகொண்டன. கைகள் உயர்ந்தபோது எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தன.

இன்னொன்றும் உண்டு. வெள்ளை மாளிகைக் கூட்டத்துக்கு முன்பே நடந்த ஒரு நிபுணர் கூட்டத்தில், அலெக்ஸாண்டர் என்ற பொதுச் சுகாதாரப் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். மருந்தைத் தயாரித்துக் களஞ்சியத்தில் வைப்பதோடு எந்தக் கட்டத்தில் நிறுத்திக்கொள்வது என்பதுதான் கேள்வி. தயாரிப்பது ஒரு முடிவு. போடுவது வேறொரு முடிவு. முதலாவதை இன்றே செய்தாக வேண்டும். இரண்டாவதை, நோய் எங்காவது தலை காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு செய்யலாம். எத்தனை எளிய கேள்வி! ஆனால் அவர் மென்மையாகக் கேட்டார். மற்றவர்கள் அதைவிட மென்மையாகக் கடந்துபோய்விட்டார்கள். இரண்டு முடிவையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். எதைக் கண்டால் மூட்டையை அவிழ்ப்பது என்று எழுதி வைக்கவில்லை.

எங்கள் தீர்மானத்தில் 'நோய் தீரும் வரை' என்று இருந்தது நினைவுக்கு வந்தது. நாங்களும் மூட்டைதான் கட்டியிருந்தோம்.

"ஆபத்துக் காலத்தில் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க முடியுமா? வீடு பற்றி எரியும்போது ஓட்டெடுப்பா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒருவன் தன் சந்தேகத்தைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அதற்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டு நிமிஷம். நாம் மிச்சம் பிடிக்க நினைப்பது உண்மையில் அந்த நாலு நிமிஷத்தையா? இல்லை. அந்தச் சங்கடத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறோம். எல்லாரும் பயந்திருக்கும்போது சந்தேகப்படுபவன் கல்நெஞ்சனாகத் தெரிவான். 'மூடு' என்று சொல்லித் தவறாகப் போனால் அந்தத் தவறு பதினான்கு வீட்டுக்கும் பங்கு பிரிந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். 'திற' என்று சொல்லித் தவறாகப் போனால் அது சொன்னவன் ஒருவன் தலையில் விழும். இந்தக் கணக்கைத்தான் நான் அந்த மொட்டை மாடியில் போட்டேன். இதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரம் வைத்து, அடுத்தபடியாகவே அவையஞ்சாமை என்றும் வைத்திருக்கிறார். முதலாவதில் நாம் எல்லாரும் கெட்டிக்காரர்கள். இராவணனுடைய மந்திராலோசனையை நினைத்துப் பாருங்கள். கும்பகருணன் தவறு என்று இடித்துரைத்தான். பிறகு அண்ணனுக்காகப் போரிட்டு மாண்டான். வீடணன் தவறு என்றான். கேட்கவில்லை என்றதும் வெளியேறினான். எது சரி என்று நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சபையில் மனத்துக்குள் மறுத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்களும் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களைப் பற்றி யாரும் விவாதிப்பதில்லை. அவர்களுக்குப் பெயரும் இல்லை. அன்று நான் அவர்களில் ஒருவன்.

கூடி முடிவெடுப்பதில் இன்னொரு தர்மமும் இருக்கிறது. இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியில் ஈம் என்று ஒரு சிற்றூர். 1665-இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு பிளேக் வந்து சேர்ந்தது. மறு வருஷம் அது உக்கிரமானபோது, ஊர்ப் பாதிரியார் மாம்பெஸனும், மதத் தகராறில் அவருக்கு முன்பே பதவி இழந்திருந்த ஸ்டான்லியும் பகையை மறந்து ஒன்றுசேர்ந்தார்கள். ஊரைவிட்டு யாரும் வெளியேறுவதில்லை, அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோவதில்லை என்று மக்களை இணங்க வைத்தார்கள். எல்லைக் கல்லில் வெளியூரார் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். ஊரார் காசைக் காடியில் நனைத்து வைத்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். சுமார் 260 பேர் இறந்தார்கள். ஒரு பெண்மணி தன் கணவனையும் ஆறு குழந்தைகளையும் எட்டே நாளில் தன் கையாலேயே புதைத்தாள். மாம்பெஸன் தம் குழந்தைகளை முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டார். அது அவர்மேல் ஒரு மறுவாகவே இருக்கிறது. ஆனால் அவர் மனைவி அவரோடேயே தங்கி, 1666 ஆகஸ்டில் பிளேக்கிலேயே இறந்தாள்.

அந்த முடிவு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அங்கே கதவை மூடியவர்கள் கதவுக்கு உள்ளே நின்று மூடினார்கள். விலையைத் தாங்களே கொடுத்தார்கள். நாங்கள் கதவை மூடி, விலையை மொட்டை மாடிக்கு அழைக்கப்படாத ஒருத்தியிடம் வசூலித்தோம்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஏற்பாடு செய்திருந்த ஒரு விடுதியில் தங்கினாள். வாரத்துக்கு இரண்டு முறை, சாயங்காலம், கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். பாட்டி பையனைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நிற்பாள். முதல் இரண்டு முறை பையன் அழுதான். மூன்றாம் முறை அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற தமிழாசிரியரிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன். அவர் சொன்னார்: "அன்னைக்கு நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு நினைச்சேன் தம்பி. எழுதறவராச்சே." நான் அவர் சொல்லுவார் என்று நினைத்திருந்தேன்! இருவரும் தலைவரிடம் போனோம். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் அது மனசுக்கு ஒப்பலை சார். எல்லாரும் பிரியப்படறாங்களேன்னுதான் படிக்கச் சொன்னேன்" என்றார்.

மறுபடியும் கூடினோம். இந்தத் தடவை தலைவர் ஆட்சேபம் உண்டா என்று கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, 'இந்தத் தீர்மானத்தால் என்ன கெடுதல் நேரும்?' என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னார். ஒன்பது சீட்டில் அந்தப் பையன் இருந்தான். அன்று கை உயர்த்திய பதினான்கு பேரில் ஒன்பது பேர்! ஆட்சேபம் உண்டா என்று கேட்பது வேறு, ஆட்சேபத்தைக் கொண்டுவா என்று கேட்பது வேறு என்று அன்றுதான் புரிந்துகொண்டேன். தலைமை வகிப்பவன் முதல் கேள்வியோடு நின்றுவிட்டால், மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொண்டு எழுந்துபோக வேண்டியதுதான்.

பழைய தீர்மானத்தை முழுவதும் தள்ளிவிடவில்லை, பயமும் பொய்யல்லவே. நோயாளிகள் வார்டில் வேலை இருக்கும் நாட்களில் விடுதி, அதற்குப்பின் மருத்துவர்கள் சொல்கிற நாட்கள் தனிமை, பிறகு வீடு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை என்று பிரித்து எழுதினோம். அதை எழுதும்போது பையனின் பாட்டியையும் அழைத்து உட்கார வைத்துக்கொண்டோம். முதல் நாளே இப்படிச் செய்திருக்கலாம்.

அவள் திரும்பி வந்த அன்று மாலை கதவருகில் எதிர்ப்பட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க" என்றேன்.

"பரவாயில்லை சார். எல்லாருக்கும் பயம்தானே" என்றாள். பிறகு, குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல, "அந்த முதல் கூட்டத்துக்கு நீங்களும் போயிருந்தீங்களா சார்?" என்று கேட்டாள்.

"போயிருந்தேன்" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் நான் எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். கை உயர்த்தச் சொல்லும்போதெல்லாம், அங்கே இல்லாத ஒருவர் பிறகு வந்து இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு கணம் யோசித்துக்கொள்கிறேன்.