நோயுற்ற உடலுக்கும் நன்றி

உயிர்கள் வினைப்பயனை நுகர்ந்து ஈடேறும் பொருட்டுத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் கருணையினாலே கொடுத்தருளினான் என்பது சைவசித்தாந்தம். இவற்றுள் தனு எனப்படுவது உடம்பு. ஆகவே உடம்பு ஒருவர் தேடிச் சம்பாதித்த சொத்தன்று. அருளினாற் கிடைத்த கொடையாகும். கொடையைப் பெற்றவர் நன்றியுடையவராய் இருத்தல் முறை. திருவள்ளுவரும் செய்ந்நன்றியறிதலுக்கெனத் திருக்குறளின் 11ஆவது அதிகாரத்தை வகுத்துள்ளார். ஆனால் அந்த உடம்பே ஒருநாள் தனக்குள் நோயை வளர்த்து உயிரையும் கவர முற்படுமாயின், அதற்கு நன்றி கூறுதல் இயலுமா? மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் பலருக்கு இது குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் நாள்தோறும் எழுகின்ற வினாவாகும்.

2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகிலே ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களிடத்தில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. காலந்தாழ்த்தாது கண்டறிந்து சிகிச்சை பெறுவோரிற் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். எனினும் குணமடைந்து வீடு திரும்பும் பெண் பழைய உடலோடு திரும்புவதில்லை. மார்பகம் முழுதாகவோ பகுதியாகவோ அகற்றப்பட்டிருக்கும். நரம்புகள் வெட்டுப்பட்டமையால் வடுவைச் சுற்றிய இடம் மரத்துக் கிடக்கும். அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டிருந்தால் கை வீங்கவும் கூடும். விரைந்து பெருகும் கலங்களை அழிக்கும் மருந்து, புற்றுநோய்க் கலங்களோடு முடியின் வேர்க் கலங்களையும் தாக்குவதால் தலைமுடி கொட்டியிருக்கும். குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் நாலுபேர் முன்னே குளித்துப் பழகியவள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறாள். கண்ணாடியைத் தவிர்க்கிறாள். திருவிழாவுக்கு உடுத்திக்கொண்டு வரக் கூசுகிறாள். உடம்பு தன்னை ஏமாற்றிவிட்டது என்ற எண்ணம் அவளுள்ளே குடிகொண்டுவிடுகிறது. ஒரே வீட்டிற் பேசாமல் வாழும் இருவரைப் போல, அவளும் அவளுடைய உடம்பும் ஆகிவிடுகின்றனர்.

இத்தகையவளுக்கு ஊரார் கூறும் ஆறுதல்கள் இரண்டு. “உயிர் தப்பினதே பெரிய காரியம், கடவுளுக்கு நன்றி சொல்லிப்போட்டு இரு பிள்ளை” என்பது ஒன்று. நல்லெண்ணத்தோடு கூறப்படினும், இது அவளுடைய துயரத்தின் வாயை அடைத்துவிடுகிறது. உறுப்பை இழந்தவள் அழுவதற்கு உரிமையுடையவள். பிள்ளைக்குப் பாலூட்டிய மார்பாயின் அதற்காக அழுவதே அதற்குச் செலுத்தும் முதல் நன்றி எனலாம். பிறர் வற்புறுத்தி வாங்கும் நன்றி, கடன்காரனிடம் அறவிடும் வட்டியைப் போன்றது; அதில் மனம் இராது.

மற்றையது, “முன்வினைப் பயன்” என்பது. வினைக் கொள்கை சைவத்துக்கு உரியதே. ஆயினும் அது ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்ள உதவும் விளக்கேயன்றி, அயலாளின் நோயைக் காட்டி அவளைக் குற்றவாளியாக்கும் சுட்டுவிரல் அன்று. வயது, மரபணு, உடலின் ஓமோன்கள் எனப் பல காரணங்கள் கூடி இந்நோய் உண்டாகின்றது. பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தினால் ஏற்படுவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரையே. ஒழுக்கத்திலும் உணவிலும் யாதொரு குறையுமின்றி வாழ்ந்தவர்களுக்கும் அது வருகின்றது.

நோயுற்றவரை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதற்குத் திலகவதியாரே சான்று. சமண் சமயஞ் சேர்ந்திருந்த தம்பியார் தாங்கொணாச் சூலைநோயோடு திருவதிகைக்கு வந்து தமக்கையாரின் பாதங்களில் வீழ்ந்தார். கடிந்துகூறக் காரணம் இருந்தும் அம்மையார் ஒரு சொல்லும் கடிந்திலர். திருநீற்றைக் கொடுத்து, திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அத்தம்பியாரே பின்னர் அப்பர் எனப் போற்றப்பட்ட திருநாவுக்கரசு நாயனார்.

சொந்த வயிற்றின் நோவினால் நிலத்தில் வீழ்ந்து புரண்ட அப்பெருமானே பிற்காலத்தில் திருவங்கமாலை பாடினார் என்பது சிந்திக்கத்தக்கது. அப்பதிகத்திலே தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை முதலியவற்றை ஒவ்வொன்றாக விளித்து, இறைவனுக்குத் தொண்டு செய்யுமாறு பணிக்கின்றார். தம்மை வருத்திய உடம்பை அவர் பகையாக்கித் தள்ளிவிடவில்லை. பெயர்சொல்லி அழைத்து வேலை கொடுக்கின்றார். அங்கே எந்த உறுப்பும் அழகுக்காக எண்ணப்படவில்லை. செய்யும் பணிக்காகவே எண்ணப்படுகின்றது. பெண்கள் செய்யும் பஞ்சாங்க நமஸ்காரத்திலும் தலை, கையிரண்டு, முழந்தாளிரண்டு ஆகிய ஐந்துமே நிலந்தோய வேண்டும். மார்பிழந்த பெண்ணின் வழிபாட்டில் குறைந்துபோனது யாதொன்றுமில்லை.

நோயிலிருந்து மீண்டவளுக்கு இது ஒரு வழியைக் காட்டுகின்றது. நோய்க்கு நன்றி சொல்லும்படி எவரும் அவளைக் கேட்கலாகாது. நோயைத் தாங்கி நின்ற உடம்புக்கோ நன்றி கூற இடமுண்டு. மருந்து ஏற்றிய நாட்களில் வாந்தியெடுத்த வயிறே மறுநாட் கஞ்சியை ஏற்றுக்கொண்டது. வெட்டிய தசையை, ஒருவரும் சொல்லிக்கொடாமலே, உடம்பு தானே மூடி வளர்த்தது. வடு என்பது நோயின் எச்சமன்று, உடம்பு தன்னைத் தைத்துக்கொண்ட தையல்.

அந்த நன்றி சிறிதாகத் தொடங்குதல் நன்று. முதல்நாள் வடுவைப் பார்க்க இயலாதாயின், காலைப் பார்த்து “வைத்தியசாலைப் படிகளெல்லாம் நீதானே ஏற்றிவிட்டாய்” என்று நினைக்கலாம். குளித்தபின் கைக்கு எண்ணெய் தடவும்போது அக்கையின் உழைப்பை எண்ணலாம். பிறிதொரு நாள் வடுவின்மேல் உள்ளங்கையை வைத்துச் சிறிதுநேரம் இருக்கலாம். அறுவைக்குப்பின் தோள் இறுகாதிருக்கக் கையைச் சிறிது சிறிதாக உயர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பார்கள். சுவரில் விரல்களால் ஏறும் அப்பயிற்சி முற்றுப்பெறும் நாளில், தீபாராதனையின்போது தலைமேற் கைகுவிக்கவும் அக்கை உதவும். அன்று பயிற்சியும் நன்றியும் வழிபாடும் ஒன்றாகிவிடும்.

நன்றியுணர்வு பற்றி எம்மன்சு, மக்கலோ என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. நன்றிக்குரிய விடயங்களைக் கிழமைதோறும் ஐந்து வரையில் எழுதிவந்தோர், தொல்லைகளை எழுதிவந்தோரைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி மனநிறைவு கொண்டிருந்தனர். நரம்புத்தசை நோயுடையோரிடத்தும் நாள்தோறும் எழுதும் வழக்கம் நற்பயன் தந்தது. ஆயினும் இது புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்தன்று. வைத்தியர் கூறிய சிகிச்சையையும் தவணை தவறாத பரிசோதனையையும் கைவிட்டு நன்றியையும் நேர்த்தியையும் மாத்திரம் நம்பியிருத்தல் கூடாது. அழுகை ஓயாது, உறக்கமின்றி வாடுவோர் அதனையும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

அவளைச் சூழ்ந்திருப்போருக்கும் கடமையுண்டு. “உன்னை நான் முன்போலவே பார்க்கிறேன்” என்பதைக் கணவன் சொல்லாலன்றி நடத்தையாற் காட்டுதல் வேண்டும். சுகம் விசாரிக்கப் போகிறவர்கள் மார்பை நோக்காது முகத்தை நோக்கிப் பேசுதல் வேண்டும். கோயிலில் பூக்கட்டும் இடத்தில் அவளுக்குரிய பாயை விரித்து வைத்து, வரும்போது வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டும். தம் உடம்புக்கு நன்றி செலுத்த நோய் வரும்வரை ஏனைய பெண்களும் காத்திருக்க வேண்டியதில்லை. 1996 முதல் இந்நாட்டில் நடைபெற்றுவரும் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. கட்டியொன்று தட்டுப்பட்டும் வெட்கத்தால் மறைப்பது அருளாற் கிடைத்த கொடையைப் பேணாது விடுவதாகும்.

கோயிலில் விக்கிரகம் பின்னமுற்றால் அதற்கெனப் பரிகாரமும் பிரதிட்டையும் விதிக்கப்பட்டுள்ளன. உயிர் வாழும் உடம்புக்கு அவ்வாறு ஒரு விதி வேண்டியதில்லை. அது எத்துணைக் காயப்பட்டாலும் இறைவன் அவ்விடத்தைவிட்டு ஒருபொழுதும் நீங்குவதில்லை. அவன் வெறுத்தொதுக்காத உடம்பை அவளும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ள, சுற்றத்தாரும் ஊராரும் துணைநிற்க, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பதாக.