ஈரச் சேலையும் பொது இடமும்

எங்க ஆயாவை நான் ஒரு கண்காட்சிச் சுவரில் பார்த்தேன்.

2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கியபோது எங்க சேரியும் மூழ்கியது. ஊர் மேட்டில் இருக்கிறது, சேரி பள்ளத்தில் இருக்கிறது. தண்ணி எங்கே வந்து நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது நாள் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடந்தோம். சமைத்தது, தூங்கினது, பிள்ளைக்குப் பால் கொடுத்தது எல்லாம் ரோட்டிலேதான். ஆயாகிட்ட உடுத்தியிருந்த சேலையை விட்டால் வேற துணி இல்லை. பாதியை இடுப்பில் சுத்திக்கிட்டு மீதிப் பாதியைக் காத்தில் விரிச்சுப் பிடிச்சுக் காயவைப்பா. அது காஞ்சதும் மறுபாதி. அப்படி அவள் நின்ற ஒரு நேரத்தை யாரோ படம் பிடித்திருக்கிறார்.

சில வருடம் கழித்து, சென்னையில் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கண்காட்சிக்குப் போனேன். ஆளுயரத்தில் ஆயா. கீழே 'வெள்ளம்' என்று ஒரே சொல். அதற்கும் கீழே படமெடுத்தவர் பெயர். என்னோடு வந்த தோழி, "வெளிச்சத்த எப்படிப் புடிச்சிருக்காங்க பாரு" என்றாள். அது எங்க ஆயா என்று நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் என்னுடையதாக இருந்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

படமெடுத்தவரைத் தேடிப்போய்க் கேட்டேன். கெட்ட மனிதர் இல்லை. நம்ம கூட்டங்களுக்கெல்லாம் வருகிறவர்தான். "தம்பி, அது பொது இடம். பொது இடத்தில நிக்கிற யாரையும் எடுக்கலாம், போடலாம். சட்டத்தில தடையில்லை" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பொது இடத்தில் நிற்கும் ஒருவரைப் படமெடுப்பதே குற்றம் என்று சொல்லும் பொதுவான சட்டம் இந்தியாவில் கிடையாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகப் படத்தை எடுத்தவருக்கே சொந்தமாக்குகிறது. படத்தில் நிற்கிறவள் என்பதற்காக ஆயாவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. 1994-இல், ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம், தன்னைத் தனியே விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது. பொது ஆவணத்தில் ஏறிவிட்டதை வெளியிடலாம் என்றும், அப்போதும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக்கூடாது என்றும் எல்லை போட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்தில் நிற்பதால் மட்டுமே ஒருவருடைய அந்தரங்கம் போய்விடுவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஏழைக்குச் சோறு போதும், மற்ற உரிமைகள் எதற்கு என்கிற வாதத்தையும் அது ஏற்கவில்லை. ஆனால் தீர்ப்பில் எழுதியது நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்து சேரவில்லை.

'பொது இடம்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் நுழைவதற்கே நம் முன்னோர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எல்லோரும் புழங்கலாம் என்று 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச்சில் மகாடு சவதார் குளத்தில் பாபாசாகேப் இறங்கித் தண்ணீர் குடித்தார். கூட வந்தவர்களைச் சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு, அந்தக் குளம் பொதுவே அல்ல, தனியார் சொத்து என்று நீதிமன்றம் போனார்கள். 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் அவர்கள் மேல்முறையீட்டைத் தள்ளியது. நாம தண்ணி குடிக்கப் போனா குளம் தனியார் சொத்து. எங்க ஆயா சேலை காயவைக்க நின்னா ரோடு பொது இடம். எது பொது, எது தனி என்று பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது, தோழர்களே?

இன்னொன்றையும் பாருங்கள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், தலித் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது பொதுப்பார்வையில் படும் இடத்தில் நடந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும். 2020-இல் உத்தரகாண்ட் வழக்கொன்றில், நான்கு சுவருக்குள் நடந்ததாகச் சொல்லப்படுவது பொதுப்பார்வையில் நடந்ததல்ல என்று சொல்லி, அந்தப் பிரிவில் போட்ட குற்றச்சாட்டை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. சுவருக்குள் நம்மைத் திட்டினால் யாரும் பார்க்கவில்லை, அதனால் அந்தக் குற்றம் இல்லை. வெளியில் நாம் நின்றால் எல்லாரும் பார்க்கிற இடம், அதனால் படமெடுப்பதும் குற்றமில்லை. இரண்டு இடத்திலும் தோற்றுப்போவது நாம்தான்.

அந்தரங்கம் என்றதும் சட்டத்துக்குக் கதவு ஞாபகம் வருகிறது. 2013-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த ஒரு பிரிவின்படி, மறைவை எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் கழிப்பறையைப் பயன்படுத்தும் பெண்ணைப் படமெடுப்பது குற்றம். இன்றைய நியாயச் சட்டத்திலும் அது இருக்கிறது. நல்ல பிரிவு. கழிப்பறையே இல்லாத பெண்ணுக்கு? 2017 ஜூனில் ராஜஸ்தான் மாநிலம் பிரதாப்கரில், விடியற்காலையில் வெளிக்குப் போன பெண்களை நகராட்சி ஆட்கள் படம் எடுத்ததாகப் புகார் எழுந்தது. தூய்மைத் திட்டத்தின் பெயரால்! அதைத் தடுக்கப்போன இடதுசாரித் தோழர் ஒருவர் அன்றே இறந்துபோனார். அடித்துக் கொன்றார்கள் என்றது குடும்பம், இல்லை என்றது நிர்வாகம். வீட்டுக்குள் கழிப்பறை உள்ளவளுக்கு இந்தக் கதி வருமா? வீடு சிறுத்தவர்களுக்குத் தெருதான் வீட்டின் மிச்சம். குளிப்பதும் அழுவதும் பிணத்தைக் கிடத்துவதும் அங்கேதான். பொது இடத்தில் எடுக்கலாம் என்ற விதி எல்லாருக்கும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அது விழுவது தெருவில் வாழ்கிறவர்கள் மேல்தான்.

அப்படியானால் படமே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள், தாங்களே அதைப் படம் எடுத்துப் பரப்பினார்கள். வீரம் காட்டுவதற்காகப் பரப்பியது அவர்களுக்கு எதிரான சாட்சியாக மாறியது. அந்தப் படம் இல்லாவிட்டால் அத்தனை பெரிய எழுச்சி வந்திருக்காது. நம் வாய்ச்சொல்லை நம்பாத நாட்டில் படம்தான் சாட்சி. ஆனால் அடிபட்டவர்களின் உடம்பை நாடே பார்த்தது. அடித்தவர்களின் முகம் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

இதுவரைக்கும் அடுத்தவரைக் கேள்வி கேட்டேன். இனி என் கதை.

சேரி ஒன்றில் வீடுகளைக் கொளுத்தியபோது, உண்மை அறியும் குழுவில் நானும் போனேன். எரிந்த வீட்டுக்கு முன்னால் தலைவிரி கோலமாக ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கேட்காமலே செல்போனில் எடுத்தேன். எடுத்ததும் குழுவின் வாட்ஸ்ஆப்பில் போட்டும் விட்டேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஊர்க்காரன் பாத்தான், போலீசு பாத்துச்சு. இப்ப நீயுமா தம்பி?"

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "எடுக்கணும்னா எடு. இரு, தலைய வாரிக்கிட்டு வரேன்." பக்கத்து வீட்டில் சீப்பு வாங்கித் தலைவாரி, முகம் கழுவி, எரிந்த ரேஷன் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்து நின்றார். "என் வூட்ட யாரு கொளுத்துனான்னு எழுதிட்டு இதப் போடு" என்றார்.

அறிக்கை வந்தபோது அட்டையில் இருந்தது முதல் படம். இரண்டாவதில் 'துயரம் இல்லை' என்றார்கள் நம் தோழர்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அச்சாகிவிட்டது என்று சும்மா இருந்துவிட்டேன். முதல் படம் இப்போது எத்தனை கைபேசிகளில் இருக்கிறதோ, என்னால் திருப்பி வாங்க முடியாது. நம் துயரத்தைக் கேட்டால் கொடுக்கிறோம். நம் தலைவாரிய முகத்தை ஏன் நாமே மறுக்கிறோம்?

சட்டம் எது அனுமதி என்று மட்டும்தான் சொல்லும். எது நியாயம் என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். கேட்டு எடுப்போம். கேட்க முடியாத நேரத்தில் கொடுமையை எடுப்போம், செய்தவனை எடுப்போம், பட்டவர் முகத்தை மறைப்போம். எதைப் போடுவது என்று அவரிடமே விடுவோம். வேண்டாம் என்றால் சாட்சி குறைந்தாலும் விட்டுவிடுவோம். இதெல்லாம் வேலையைத் தாமதமாக்கும், தெரியும்.

அன்று கண்காட்சியிலிருந்து ஊருக்குப் போனதும், "ஆயா, ஒன் படத்த மெட்ராசுல பெருசா மாட்டியிருக்காங்க" என்று சொன்னேன். எதுக்கு எடுத்தான், எவ்வளவு குடுப்பான் என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மாராப்பு சரியா இருந்துச்சாடா?"

"இருந்துச்சு ஆயா" என்று பொய் சொன்னேன்.