ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்



நம் பங்குகளில் பல குடும்பங்கள் தமக்குள் பேசித் தீர்க்க முடியாமல் வைத்திருக்கும் ஒரு கேள்வியை இவ்வாரம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பாடசாலையில் நிரந்தர நியமனத்தோடு கற்பிக்கும் ஓர் ஆசிரியர், கூடிய சம்பளத்துக்காக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு வெளிநாட்டுக்குக் கற்பிக்கப் போகலாமா? போனால், அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

இதற்கு ஊரில் இரண்டு விடைகள் கிடைக்கும. "கெட்டிக்காரன், பிழைத்துக்கொண்டான்" என்பார் சிலர். "நம்முடைய பிள்ளைகளைக் கைவிட்டுப் பணத்துக்குப் போய்விட்டான்" என்பார் வேறு சிலர். ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று பழிப்பு. ஆனால் இரண்டுமே பணத்தை மட்டுமே அளவுகோலாய்க் கொள்கின்றன. அந்த வெளிநாட்டு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இரு சாராரும் மறந்துவிடுகிறார்கள்.

இது நேற்றுத் தொடங்கிய பயணமன்று. மாலைதீவில் 1960ஆம் ஆண்டளவில் ஆங்கில மொழிவழிக் கல்வி தொடங்கியபோது, மாலேயிலுள்ள பாடசாலைகளில் கற்பிக்க இலங்கையிலிருந்து ஆசிரியர்கள் அழைக்கப்பட்டார்கள். 1964இல் சுதந்திரம் பெற்ற சாம்பியாவில் அந்நாட்டுப் பட்டதாரிகள் ஏறத்தாழ 100 பேரே இருந்தார்கள். புதிய உயர்நிலைப் பாடசாலைகளைத் திறக்க வேண்டுமாயின் வெளியிலிருந்து ஆசிரியர் வந்தே ஆகவேண்டும் என்ற நிலை. நைஜீரியா, எண்ணெய் வருமானத்தை நம்பி, 1976இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்வி விரிந்த வேகத்துக்கு உள்நாட்டு ஆசிரியர் போதவில்லை. அக்காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்கக்கூடியவர்கள் பெருந்தொகையாய் ஆபிரிக்காவுக்குப் போனார்கள். நம் தமிழாசிரியர்கள் பலரும் அவர்களுள் அடக்கம். அண்மையில், பொருளாதாரம் சரிந்த 2022இல், அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்று அரசே சுற்றறிக்கை விடுத்தது. பழைய கேள்வி மறுபடியும் நம் வாசற்படிக்கு வந்து நிற்கிறது.

போகிறவரை முதலில் நியாயமாய்ப் பார்ப்போம். ஈட்டில் இருக்கும் காணியை மீட்க வேண்டும். தங்கைக்கு ஒரு வழி செய்ய வேண்டும். பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட வேண்டும். தாயின் மருந்துச் செலவு இருக்கிறது. இவற்றுக்காக உழைக்கப் போவது பேராசையன்று. உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்பது நம் வேதம் ஒப்புக்கொண்ட நீதி. அறப்பணி, அறப்பணி என்று ஆசிரியரைப் புகழ்ந்துவிட்டு, அவருடைய வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பாராதிருக்கும் சமூகம் அவரைக் குற்றஞ்சாட்ட உரிமையற்றது.

பணம் மட்டுமல்ல, வேறு நன்மைகளும் உண்டு. புத்தகத்தில் மட்டும் படித்த நாட்டைக் கண்ணாற் காண்கிறார். வலமிருந்து இடமாகத் தன் மொழியை எழுதிப் பழகிய மாலைதீவுப் பிள்ளை, ஆங்கிலத்தை இடமிருந்து வலமாக எழுதக் கற்கும்போது எங்கே தடுமாறுகிறது என்று கவனிக்கிறார். தான் இருபது வருடமாய்ச் சொல்லிவந்த விளக்கம் வேறொரு நாட்டுப் பிள்ளைக்கு விளங்கவில்லை என்று காணும்போது, அந்தப் பாடத்தைத் தானே மறுபடி கற்கிறார்.

ஆனால் இதன் மறுபக்கம் கனமானது. ஒப்பந்தம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குரியது. புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்ற பயம் கடைசி ஆண்டு முழுவதும் நெஞ்சில் இருக்கும். சம்பளம் அவருடைய உழைப்பை மட்டும் பொறுத்ததன்று, அந்நாட்டுச் சந்தையையும் பொறுத்தது. 1975இல் செம்பின் விலை விழுந்ததும் சாம்பியாவில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டது. எண்ணெய் விலை இறங்கியபின், 1986இல் நைஜீரிய நாணயம் வெகுவாய் மதிப்பிழந்தது. வகுப்பறையில் அதே பாடம், கரும்பலகையில் அதே உழைப்பு; ஊருக்கு வந்து சேரும் பணமோ சுருங்கிவிட்டது.

வீட்டில் நடப்பதோ கணக்கில் எழுத முடியாதது. மகள் பூப்பெய்தியதைக் கடிதத்தில் அறிந்த தகப்பன்மார் உண்டு. தாயின் அடக்கத்துக்கு வந்து சேர முடியாமற் போனவர்கள் உண்டு. 1983க்குப் பின் ஊர்ச் செய்தி ஒவ்வொன்றும் அச்சத்தோடு வந்தது. 1990இல் மன்னார் மக்கள் பலர் படகேறி இராமேஸ்வரம் போனபோது, தூர தேசத்தில் இருந்தவர்களுக்குத் தங்கள் குடும்பம் எந்தக் கரையில் இருக்கிறது என்பதே தெரியாத நாட்கள் இருந்தன. இன்று தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். ஆனாலும் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் தொலைபேசி கைவைக்காது.

இவ்வளவும் நாம் அறிந்தவை. இனி நாம் அதிகம் பேசாத ஒன்றுக்கு வருவோம்.

ஆசிரியர் வந்து போகும் வேதனையை மன்னார் மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முசலியிலும் மாந்தையிலும் மடுப் பக்கத்திலும் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோரைக் கேளுங்கள். வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வந்து, ஊரோடும் பிள்ளைகளோடும் ஒன்றாகி, இன்றுவரை நன்றியோடு நினைக்கப்படும் ஆசிரியர்கள் உண்டு. வந்த நாளிலேயே இடமாற்ற விண்ணப்பம் எழுதி, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பின்னவர்கள் பாடத்திட்டத்தை முடிக்காமல் விட்டார்கள் என்பதல்ல நம் மனத்தாங்கல். "இந்த இடத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்" என்ற எண்ணம் அவர்கள் முகத்தில் இருந்தது. பிள்ளைகள் அதை வாசித்துவிட்டார்கள்.

அப்படியானால், நாம் அனுப்பிவைக்கும் ஆசிரியர் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்டவராய் இருக்கிறார்? நமக்கு எது அநீதியாய்ப் பட்டதோ, அதையே நாம் கடல் கடந்து போய் வேறொரு தாயின் பிள்ளைக்குச் செய்யலாமா? ஆபிரிக்கப் பிள்ளைகளை நிறத்தைச் சொல்லிப் பரிகசித்த பேச்சு நம்மவர் விருந்துகளில் கேட்காத பேச்சன்று. நம்மை இழிவாய்ப் பார்த்தவர்களிடம் நாம் கற்ற பாடத்தை, நமக்குக் கீழே என்று நாம் நினைத்தவர்களிடம் ஒப்புவித்தோம். நம் மனச்சாட்சி இதைத் தட்டிக்கழிக்கலாகாது.

"நான் ஒப்பந்தத்துக்கு வந்தவன். சொன்ன மணிக்கு வந்து, சொன்ன பாடத்தை முடித்தால் என் கடன் தீர்ந்தது. அந்நாட்டின் வருங்காலம் அந்நாட்டாரின் பொறுப்பு" என்று ஒருவர் வாதிக்கலாம். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்நியர் ஒருவர் இன்னொரு நாட்டை நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. ஆனால் ஒப்பந்தம் மணித்தியாலத்தை அளக்கும்; பிள்ளையை அளக்காது. ஆசிரியருக்கு அது மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஒரு வருடம். பிள்ளைக்கோ அது ஒரே ஒரு ஒன்பதாம் வகுப்பு, மறுபடி வராது.

கூலியாளுக்கும் நல்ல ஆயனுக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். அவர் அதில் கூலி வாங்குவதைக் கண்டிக்கவில்லை. ஆடுகளைப்பற்றிய கவலையின்மையையே கண்டித்தார். சம்பளமே வாங்காமல் கூலியாளாய் இருக்கலாம்; நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு ஆயனாயும் இருக்கலாம். வேறுபாடு பையில் இல்லை, கவலையில் இருக்கிறது.

இதற்கு நம் கரையே சாட்சி. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கல்லிலிருந்து வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையிலும், சிலகாலம் மன்னாரிலும் பணி செய்தார். அவரும் அந்நிய நாட்டு ஆசிரியரே. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம். அவரோ தமிழைக் கற்றார், தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேற உழைத்தார். அவர் தம் நாட்டுக்குத் திரும்பவேயில்லை. 1600இல் நம் எதிர்க்கரையிலேயே இறந்தார்.

நம்மவரில் ஒருவரைக் காட்ட வேண்டுமாயின் சேவியர் தனிநாயகம் அடிகளார் இருக்கிறார். ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்தவர். தமிழகத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியராய் இருந்தபோதே தமிழ் இலக்கியத்தை முறையாய்க் கற்கத் தொடங்கி, பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் இருந்தார். 1966இல் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவரே முதற்காரணர். அவரும் சம்பளம் பெற்றவர், அவரும் காலம் முடிந்து திரும்பியவர். ஆனால் போன இடத்தில் எதையாவது நட்டுவிட்டு வந்தார்.

எல்லோரும் அடிகளார் ஆக முடியாது. ஆக வேண்டியதும் இல்லை. சிறிய காரியங்கள் போதும். நைஜீரியாவின் வடக்கில் 'சன்னு' என்றும், சாம்பியாவின் பெம்பா மக்களிடம் 'முலி ஷானி' என்றும் வணக்கம் சொல்லக் கற்க ஒருநாள் போதும். பிள்ளைகளின் பெயரைச் சரியாய் உச்சரிக்க ஒரு வாரம் போதும். பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் அரைமணி நேரம் ஒதுக்க ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு தேவையில்லை.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அது ஆபிரிக்காவின் மரம். அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். வங்காலைக் கரைக்கு ஆண்டுதோறும் தூரதேசத்துப் பறவைகளும் வருகின்றன, மேய்ந்துவிட்டுப் போகின்றன. பறவை செய்வது பாவமன்று, அது அதன் இயல்பு. ஆயினும் வந்த மண்ணுக்கு நிழல் தருவது மரமே. நம் ஆசிரியர் காலம் முடிந்து பறவையைப்போல் திரும்பியே ஆகவேண்டும். அவருடைய கற்பித்தல் மரத்தைப்போல் அங்கே நிற்கட்டும்.

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது நம் பழமொழி. வெளிநாட்டில் கற்பிப்பவருக்கு இது ஆறுதலாய்ச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் தகப்பனோ தாயோ இல்லாத வீட்டில் பிள்ளை 'தானே' வளர்வதில்லை என்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். அந்தப் பழமொழி ஒருவருக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று, ஊருக்கே சொல்லப்பட்டது. அவர் அங்கே பிறர் பிள்ளைகளை வளர்க்கும்போது, இங்கே அவருடைய பிள்ளை நமக்கு ஊரார் பிள்ளை. அவனைக் கண்டிக்க ஒரு மாமன், அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அயலவர், தனியே பாரம் சுமக்கும் மனைவியைக் குறைபேசாமல் துணைநிற்கும் ஒரு பங்கு வேண்டும். இவை இல்லாவிட்டால் பழமொழி பொய்த்துப்போகும், பொய்யாக்கியவர்கள் நாமாவோம்.

போகிறவரும் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கடனாளி. உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையில் ஒருவரிடமும் சொல்லாமல் விமானம் ஏறுவது நேர்மையன்று. அதிபருக்கு முன்னரே அறிவித்து, பாடத்தை ஓர் ஒழுங்கில் முடித்து, குறிப்புகளை அடுத்தவர் கையில் கொடுத்துப் போகலாம். திரும்பி வந்தபின், கற்ற புதிய முறைகளை ஊர்ப் பாடசாலையில் பகிரலாம். நாமும் திரும்பியவரிடம் என்ன கொண்டுவந்தாய் என்று பெட்டியைப் பாராமல், என்ன கற்றுவந்தாய் என்று கேட்கப் பழகவேண்டும்.

ஆகவே, போகலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை இல்லை. கடனில் இருப்பவருக்கும் வசதியாய் இருப்பவருக்கும், பாலகரை விட்டுப் போகிறவருக்கும் பிள்ளைகள் தலையெடுத்தபின் போகிறவருக்கும் விடை வெவ்வேறு. அதை அவரவர் குடும்பம் செபத்தோடும் கணக்கோடும் தீர்மானிக்கட்டும். எப்படிப் போகிறார், அங்கே எப்படி வாழ்கிறார் என்பதில் மட்டும் விடை ஒன்றே.

இந்த வாரம் உங்கள் வீட்டு ஆசிரியர் தூரதேசத்திலிருந்து பேசும்போது, பணம் எப்போது வரும் என்று கேட்குமுன், "வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?" என்று கேட்டுப்பாருங்கள். தம்மை வீட்டார் ஓர் ஆசிரியராய் நினைக்கிறார்கள் என்று அவர் அறிவார். மறுநாள் காலை அந்த வகுப்பறைக்குள் நுழையும்போது அது அவருக்குப் பலமாய் இருக்கும்.