சித்தம் கலங்கியவரும் செவிலி மாணவியரும்

1794-இல் தோன்றி, பின்னர் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்ட சென்னை அரசு மனநல மருத்துவமனைக்குப் பயிற்சியின் பொருட்டு முதன்முறையாக வந்து சேரும் செவிலி மாணவியர், அறுவைக்கூடத்து இரத்தத்தைக் கண்டு கலங்காதவரேனும், இங்கே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் முதுகின்பின் ஒருவர் ஒதுங்குவர். அவ்வச்சம் பாடநூல் தந்ததன்று. மனநோய் முன்வினைப் பயன் என்று வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த பேச்சு தந்தது.

கர்மத்தைப் பேசும் அதே சமயங்கள், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் அகக்கருவிகளாகிய அந்தக்கரணங்களே, ஆன்மா அவற்றின் வேறு என்றும் சாதிக்கின்றன. கருவி பழுதுற்றதனால் உடையவனின் மகிமை குன்றுமென எந்தச் சித்தாந்தி கூறினார்? ஜடன் என்று இகழப்பட்ட ஞானியாகிய பரதரைப் பல்லக்குச் சுமக்கச் செய்து ஏசிய ரகூகண மன்னன், பிறகு அவரையே வணங்கிய கதையைப் பாகவதம் சொல்கிறது. ஆயினும், நோயாளரையெல்லாம் ஞானியராக்கிக் கைகூப்புவதும் அவரை விட்டு விலகி நிற்கும் உபாயமே என்பது என் துணிபு. அவருக்கு வேண்டுவது பூஜையன்று. வேளைக்கு மாத்திரையும், பெயர்சொல்லி அழைக்கும் குரலுமே.

நேர்ச்சையை நம்பி ஏர்வாடித் தர்காவை அடுத்த மனநோயாளர் காப்பகத்தில் கொண்டுவிடப்பட்டுச் சங்கிலியில் கிடந்தோருள் 28 பேர் 2001-ஆம் ஆண்டுத் தீயில் மாண்டனர். அவர்கள் வினையை ஆராய்ந்தவர் பலர், விலங்கை அவிழ்த்தவர் இலர்.

நகம் வெட்டிவிட்டுத் தலைவாரும் மாணவியிடம், "சாப்பிட்டியாம்மா?" என்று நோயாளி கேட்கும் கணத்தில் அச்சம் பாதி அகன்றுவிடும். ஆசிரியைகள் விரிவுரைக்கு முன்னதாக, முதல் நாளிலேயே, மாணவியர் கையில் அந்தச் சீப்பைக் கொடுக்க வேண்டும்.