சோம்புத் தட்டில் ஐம்பது ரூபாய்

சீடன்: ஐயா, கல்லூரி மாணவன் ஒருவன் கோடை விடுமுறையில், புதிதாகத் திறந்த உணவகத்தில் சர்வர் வேலைக்குச் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டு எழுபவர்கள் பில்லோடு வந்த சோம்புத் தட்டில் பத்தோ ஐம்பதோ விட்டுப் போகிறார்கள். அது அவனுக்குக் கூலியா, பிச்சையா? கூலி என்றால் ஒருவர் தந்து ஒருவர் தராமல் போவது எப்படி? பிச்சை என்றால் உழைத்தவன் அதை ஏன் எடுக்க வேண்டும்?

குரு: இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நீயே முடிவுகட்டிக்கொண்டு கேட்கிறாய். காய்கறிக் கடையில் ஒரு கிலோ கத்தரிக்காய் நிறுத்துப் போட்டபின், கடைக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பையில் செருகுகிறார். அது கொசுறு. வாங்குகிறவருக்கு அதில் கூச்சம் இல்லை, கொடுக்கிறவருக்குக் கர்வம் இல்லை. தராசு முள் நேராக நின்ற பிறகு வந்தது அது. அதே கடைக்காரர் எண்ணூறு கிராமை ஒரு கிலோ என்று போட்டுவிட்டுக் கறிவேப்பிலையைக் கை நிறைய அள்ளித் தந்தால் அவரைத் தாராள மனசுக்காரர் என்பாயா? ஆகவே தட்டில் கிடக்கும் ஐம்பது ரூபாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னதென்று தெரியவராது. அவனுடைய சம்பளம் முழு எடையா என்று முதலில் பார்க்க வேண்டும். முழு எடை என்றால் அது கொசுறு, கூசாமல் எடுத்துக்கொள்ளலாம். எடை குறைவு என்றால் அவனுக்குச் சேரவேண்டிய கூலியில் ஒரு துண்டுதான் வேறொருவர் கையால், அவர் மனம் போனபடி வந்து சேர்கிறது. எப்படிப் பார்த்தாலும் பிச்சை இல்லை.

சீடன்: பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943இல் வெளியிட்ட நூலில் ஒரு கஃபே சர்வர் வருகிறான். சர்வர் என்ற வேடத்தை அளவுக்கு மீறிக் கச்சிதமாக நடித்து, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்கிறாரே?

குரு: கஃபேயில் உட்கார்ந்து எழுதியவர் அவர். தட்டு ஏந்தி நின்றவன் என்ன நினைத்தான் என்று கேட்டதாகத் தெரியவில்லை. அதை விடு.

சீடன்: சமையற்கட்டில் வேகிறவருக்கு இந்தக் காசு போவதில்லையே?

குரு: பொது உண்டியல் வைத்துப் பிரித்துக்கொள்ளட்டும். அது கணக்கு, தத்துவம் இல்லை.

சீடன்: அப்படியானால் என் பெரிய ஐயத்தைக் கேட்கிறேன். டிப்ஸ் கிடைக்கும் என்றால்தானே கவனிப்பு நன்றாக இருக்கும்? சம்பளம் முழுதாக வந்துவிட்டால் தண்ணீர் கேட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்களே?

குரு: முதலாளிகள் மட்டுமல்ல, சாப்பிட வருகிற நாமும் விரும்பி நம்புகிற வாதம் இது. ஒரு நேரச் சாப்பாட்டின் அளவுக்காவது ஒருவருக்கு எஜமானாக இருந்து பார்க்கும் ஆசை அதற்குள் ஒளிந்திருக்கிறது. வாதத்தை மட்டும் சோதிப்போம். கவனிப்புக்கு ஏற்ப டிப்ஸ் கூடிக் குறைய வேண்டும் அல்லவா? கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லின் என்பவர் டிப்ஸ் வழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கவனிப்பின் தரத்துக்கும் டிப்ஸ் தொகைக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமானது என்று கண்டார். கொடுக்கிற பழக்கம் உள்ளவர் எப்படியும் கொடுக்கிறார், இல்லாதவர் எப்படியும் கொடுப்பதில்லை. ஜப்பானில் டிப்ஸ் என்ற வழக்கமே இல்லை. அங்கே பரிமாறுவதில் குறை கண்டு திரும்பியவர்கள் அரிது. சம்பளத்தில் எடை குறைப்பதற்குச் சட்டமே இடம் கொடுத்த நாடு அமெரிக்கா. அங்கே ஊதியச் சட்டத்தில் 1966இல் செய்த திருத்தத்தின்படி, டிப்ஸ் வாங்கும் ஊழியரின் குறைந்தபட்ச ஊதியத்தில் ஒரு பகுதியை டிப்ஸ் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மத்தியச் சட்டப்படி பொதுக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டியதோ 1991 முதல் வெறும் 2.13 டாலர். டிப்ஸ் சேர்ந்தும் 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த மீதியைக் கேட்டு வாங்கும் துணிவு கோடை வேலைக்கு வந்த மாணவனுக்கு இருக்குமா என்பது வேறு விஷயம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இந்தக் கழிவை ஏற்பதில்லை. அங்கும் சாப்பிட்டவர்கள் மேசைமேல் பணம் வைத்துத்தான் போகிறார்கள், முழுக் கிலோ நிறுத்த பிறகு விழுகிற கறிவேப்பிலையாக.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான சான்று ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயம் இல்லை. நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவக முதலாளி டேனி மேயர், தம் உணவகங்களில் டிப்ஸை ஒழித்து விலையிலேயே ஊதியத்தைச் சேர்க்கப்போவதாக 2015இல் அறிவித்தார். 2020இல் அதைக் கைவிட்டு டிப்ஸுக்கே திரும்பினார். முழு எடை நடைமுறைக்கு ஒவ்வாது என்று இதிலிருந்து முடிவுகட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. சுற்றியுள்ள கடைகள் எல்லாம் பழைய வழக்கத்திலேயே இருக்கும்போது இவர் ஒருவர் மட்டும் விலையை ஏற்றினால் பட்டியலைப் பார்க்கிறவர் மிரளுகிறார், கைதேர்ந்த சர்வர்கள் டிப்ஸ் கொட்டும் இடம் தேடிப் போகிறார்கள். சந்தையில் எல்லோரும் எண்ணூறு கிராமைக் கிலோ என்று விற்கும்போது ஒருவர் மட்டும் நேராக நிறுத்தால் அவர் விலைதான் அதிகமாகத் தெரியும். அது தராசின் குற்றம் ஆகாது. நம் நாட்டில், உணவகங்கள் பில்லில் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் நெறிமுறையை உறுதிசெய்தது. அந்தக் கட்டணம் ஊழியருக்கே போகிறது என்பது உரிமையாளர் தரப்பின் வாதங்களுள் ஒன்று. ஊழியருக்குத் தருவதுதான் நோக்கம் என்றால் இட்லி விலையில் இரண்டு ரூபாய் ஏற்றிச் சம்பளமாகத் தர யார் தடுத்தார்கள்?

இனி உன் மாணவனுக்கு வருவோம்: அவன் சேரும் உணவகம் புதியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. திறப்பு விழா வாரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலாளியின் உறவும் நட்பும், தட்டு நிறையும். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மதியம், வெளியே அக்கினி வெயில், உள்ளே பன்னிரண்டு மேசையும் காலி. மாணவன் அன்றும் அதே நேரம் நிற்கிறான், அதே மேசைகளைத் துடைக்கிறான். டிப்ஸை நம்பிச் சம்பளத்தைக் குறைத்திருந்தால் அன்றைய நட்டத்தில் அவனுக்கும் பங்கு உண்டு என்று ஆகிறது. கடை ஓடி, ஆறு மாதத்தில் இரண்டாவது கிளை திறக்கும்போது லாபத்தில் அவனுக்குப் பங்கு தருவார்களா? முதல் போட்டவருக்கு உரிய இடரை முதல் இல்லாதவன் தலையில் ஏற்றுவது இது. அவன் மாணவன்தானே, கைச்செலவுக்குத்தானே வருகிறான் என்பார்கள். வாங்குகிறவருக்கு வீட்டில் வேறு காய் இருக்கிறது என்பதற்காக எடையைக் குறைக்கலாமா? ஆகவே வேலைக்குச் சேரும் நாளில் அவன் கேட்க வேண்டிய கேள்வி, ஆளே வராத செவ்வாய்க்கிழமைக்கு எவ்வளவு சம்பளம் என்பது. தொகையைச் சொன்னால் சேரலாம். “டிப்ஸ் நல்லா வரும் தம்பி” என்று பதில் வந்தால், அடுத்த தெருவில் வேறு கடை இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.