அருவியை நிறுத்தியவர்கள்

புதுச்சேரியில் மலை இல்லை, அருவியும் இல்லை. அருவியில் குளிக்க ஆசைப்பட்டால் கல்வராயன் மலைக்கோ ஜவ்வாது மலைக்கோ வண்டி கட்ட வேண்டும்.

ஆனால் நகருக்கு வடக்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், ஒரு காலத்தில் மழைக்கு மழை செந்நிற அருவிகள் பிறந்தன. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் என்ற குடியிருப்பு தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தது பெரும்பாலும் மரமற்ற செம்மண் மேடு. ஐப்பசி மழை கொட்டினால் வெள்ளம் நிலத்தை அரித்து, பள்ளங்களில் சரிந்து விழுந்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு கடலுக்கு ஓடும். கரையோரக் கடலே சிவந்துவிடும்.

அங்கே குடியேறியவர்கள் அந்த அருவிகளை நிறுத்தப் பாடுபட்டார்கள்.

சுற்று ஊர் மக்களோடு சேர்ந்து வரப்பு போட்டார்கள், ஓடைக்குக் குறுக்கே சிறு தடுப்பணைகள் கட்டினார்கள், கன்று நட்டார்கள். வீரை, காயா, கருங்காலி என இந்தக் கரையோரக் காட்டுக்கு உரிய மரங்கள் மீண்டும் வேர்பிடித்தன.

இன்று அந்தக் காட்டுப் பாதையில் நடப்பவரின் காலடியில் சருகு நொறுங்குகிறது. மழை விட்ட மறுநாள் தடுப்பணை ஓரம் நின்றால் நீரின் இரைச்சல் இல்லை. தேங்கிய தண்ணீர் மண்ணுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, தவளைகள் மட்டும் கத்துகின்றன.