எந்த ஊரு, எந்தப் பக்கம்?

திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம், வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடக்கிற விடுதி ஒன்றில் இத்தாலிச் சாப்பாடு போடுகிறார்கள். நண்பர் ஒருவர் கூட்டிப் போனார். வெள்ளைத் துணி விரித்த மேசை, முள்கரண்டி, பாஸ்தா. பக்கத்து மேசை வெள்ளைக்காரருக்கு வைத்த அதே தட்டு, அதே தம்ளர் எனக்கும். எங்க அப்பா டீக்கடை வாசலில் நின்று கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடிச்சவர். கண் கலங்கிப் போச்சு. தனிக் குவளையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

பரிமாறிய தம்பி சிரித்த முகத்தோடு கேட்டான்: "அண்ணே, நமக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்ணே?"

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம்" என்றேன். பொய். எங்க வீடு ஏரிக்கரைக்கு அந்தாண்ட, காலனியில்.

வெள்ளைக்காரரிடமும் அவன் ஊர் கேட்டான். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

காசு சாதி பார்க்காது என்கிறார்கள். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கர், நாளுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துப் பார்சி விடுதியில் தங்கினார். பார்சிப் பெயரில்தான் தங்க முடிந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் கொடுத்த காசு செல்லாத காசா? அவர் யார் என்று தெரிந்ததும் செல்லாமல் போயிற்று.

இந்த ஊரிலேயே, ரமணர் உயிரோடு இருந்த காலத்தில், ஆசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் நடுவே தடுப்பு இருந்தது. இன்று ஓட்டலில் அப்படிச் சாதித் தடுப்பு வைக்கச் சட்டம் விடாது. 1950 சனவரி 26இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, கடையோ ஓட்டலோ, சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. இந்த விடுதியில் தட்டி இல்லை. "எந்தப் பக்கம்?" என்ற கேள்வி இருக்கிறது.

தோழர்களே, தெருவை மறைத்து வாங்கிய சமத்துவம் சமத்துவமா? உரிமை என்றால் யார் என்று சொல்லிவிட்டு உட்காருவது. நான் காசைக் கொடுத்தேன், என்னைச் சொல்லவில்லை. அம்பேத்கருக்கு அன்று வேறு கூரை கிடையாது. அதையும் மறைக்காமல் பின்னால் எழுதி வைத்தார். எனக்கென்ன கேடு? சட்டம் இருக்கு, இயக்கம் இருக்கு, கையில் காசும் இருந்தது. ஆனாலும் நாக்கு முந்திக்கொண்டது. யாரும் விரட்டுவதற்கு முன்னாலேயே நானே என்னை வெளியே அனுப்பிவிட்டேன். அவமானம் என் சாதியில் இல்லை, கேட்கிற சமூகத்தில் இருக்கிறது என்று மேடையில் பேசுகிறவன்தான் நான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தத் தம்பி நம்ம பக்கத்துப் பிள்ளையாகவே இருந்திருக்கலாம். உறவு விசாரிக்கக்கூடக் கேட்டிருக்கலாம். பில்லைக் கட்டினேன், டிப்ஸும் வைத்தேன். "காலனிதான்பா" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.